பசி வயிற்றுக்கா, மனசுக்கா?

இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்கள் மனசுக்குள் சொல்லிக் கொண்டால் போதும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்படி விளக்கையும் அணைத்த பிறகு, மறுபடி அந்த விளக்கைப் போட்டு மிக்சர் டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் திறந்ததுண்டா?

"சத்தம் வராமல்" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். வயிற்றுப் பசிக்குச் சாப்பிடுகிறவர் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. "எனக்குப் பசிக்கிறது, சோறு போடு" என்று தைரியமாகக் கேட்பார். மூடியை மெதுவாகத் திறப்பது வேறு பசி. அந்தப் பசியைப் பற்றியும், அது நம் உடம்புக்குள் செய்கிற வேலையைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன்.

பேசுவதற்குத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சாப்பாட்டுப் பெருமையில் எங்கள் ஊர் யாருக்கும் இளைத்ததல்ல. 1957-ல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு ஒரு சிறிய ஓட்டலில் ஆரம்பித்த சீரகச் சம்பா பிரியாணி இன்றைக்குக் கடல் கடந்து போயிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி மிதக்கும். இன்னொரு பக்கம் பரோட்டாக் கல்லில் தாளம் கேட்கும். சன்னியாசிக்கும் நாக்கில் ஜலம் ஊறும் ஊர் ஐயா இது!

ஆனால் ஊரைச் சுற்றியுள்ள சமவெளியின் பழைய கதை வேறு. ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கம் குளமும் கால்வாயும் உள்ள இடங்களில் நெல் விளைந்தது. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் என்று திரும்பினாலோ பெரும்பாலும் மானாவாரிக் காடு. சோளமும் கம்பும்தான் விளைச்சல். அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நெல்லுச் சோறு" என்று தனியாகப் பெயர் சொல்லியே பேசுவார்கள். தீபாவளி, பொங்கல், கலியாணம், விருந்தாளி என்று விசேஷம் வந்தால்தான் வெள்ளைச் சோறு. மற்ற நாட்களில் கூழும் களியும் சோளச் சோறும்தான்.

பிறகு காலம் மாறியது. ரேஷன் கடை அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011-ல் அந்த ஒரு ரூபாயும் வேண்டாம் என்றாகிவிட்டது. இதைக் குறை சொல்வது பாவம். ஒரு தலைமுறை பார்த்த பட்டினியை அடுத்த தலைமுறை பார்க்காமல் போனதற்கு அந்த அரிசி பெரிய காரணம். ஆனால் விசேஷ நாளில் மட்டும் வந்து போன விருந்தாளி வீட்டோடு தங்கி, மூன்று வேளையும் இலையில் உட்கார்ந்து கொண்டால் என்ன ஆகும்? காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. மூன்றும் ஒரே அரிசியின் மூன்று வேஷங்கள். இலையில் சோறு மலையாக இருக்கும். பக்கத்தில் வெஞ்சனம் தொட்டுக் கொள்ள மட்டும்.

2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று, நம் நாட்டார் உணவிலிருந்து பெறும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. அதே ஆய்வு வரிசையில் 2023-ல் வந்த கணக்கு இன்னும் திடுக்கிட வைப்பது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரை நிறுத்தினால் 14 பேருக்கு மேல் வியாதி உள்ளவர்கள். ஒரு கலியாணப் பந்தி நூறு பேர் என்று வைத்துக் கொண்டு, அடுத்த கலியாணத்தில் எண்ணிப் பாருங்கள்.

சரி, சோற்றுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் என்ன, இரண்டும் ஒரே குடும்பம். வெள்ளைச் சோற்றை விழுங்கிய சிறிது நேரத்திலேயே அதிலுள்ள மாவுச்சத்து குளுகோஸ் என்னும் சர்க்கரையாகப் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. அங்கே அது சுற்றிக் கொண்டே இருந்தால் பிரயோஜனமில்லை. தசைகளுக்குள் போனால்தான் நமக்குப் பலம். உள்ளே போகக் கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவைத் திறக்கும் சாவிதான் கணையம் சுரக்கும் இன்ஸுலின்.

பூட்டுச் சமாசாரம் திண்டுக்கல்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் குடைப்பாறைப்பட்டியிலும் கையால் அடித்துச் செய்த மாங்காய்ப் பூட்டு எத்தனை வீடுகளைக் காத்திருக்கிறது! 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டைப் பல வருஷம் மழையிலும் புழுதியிலும் போட்டு வைத்தால் என்ன ஆகிறது? துரு ஏறுகிறது. சாவி சரியான சாவிதான், ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறது. உடம்பிலும் அதே கதை. ஈரலிலும் தசையிலும் வேண்டாத கொழுப்பு படியப் படிய, இன்ஸுலின் வந்து தட்டினாலும் கதவு லேசில் திறப்பதில்லை. இதைத்தான் டாக்டர்கள் இன்ஸுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

கணையம் சும்மா இருக்குமா? ஒரு சாவி போதாவிட்டால் இரண்டு அனுப்புகிறது. இரண்டு போதாவிட்டால் நான்கு. கதவு எப்படியோ திறந்து விடுவதால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே தெரியும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று நாம் சந்தோஷமாக இருப்போம். உள்ளே கணையம் இரட்டை ஷிப்ட் பார்த்துக் கொண்டிருக்கும். வருஷக் கணக்கில் இப்படி உழைத்து அது களைத்துப் போகிற நாளில்தான் சர்க்கரை ஏறுகிறது. வியாதி அன்றைக்கு வந்ததல்ல, அன்றைக்குத் தெரிந்தது.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது உயிர் கொடுத்தது. இன்ஸுலின் இல்லாமைதான் வியாதி என்று உலகம் தீர்மானித்தது. ஆனால் 1936-ல் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கில டாக்டர் வேறொன்றைக் கவனித்தார். நோயாளிகள் சிலருக்கு இன்ஸுலின் கொடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கியது. வேறு சிலருக்கு அசையவே இல்லை. 1960 வாக்கில் ரோஸலின் யாலோ என்ற அம்மையாரும் பெர்ஸனும் ரத்தத்தில் இன்ஸுலினை அளக்கும் வழியையே கண்டுபிடித்தார்கள். நடு வயதில் சர்க்கரை வந்த பலருக்கு இன்ஸுலின் குறையவில்லை, அதிகமாகவே இருந்தது! சாவிக்குப் பஞ்சமில்லை, பூட்டில்தான் கோளாறு. 1977-ல் அந்த அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன பயம்?" என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வேடிக்கையான சேதி. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் சமமானவர்கள். இருவருக்கும் அந்த எண் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பை அளந்தால், வெள்ளைக்காரருக்கு 100-க்கு 9 பங்கு, நம்மவருக்கு 21 பங்கு! இருவரும் சேர்ந்து படம் பிடித்து, 2004-ல் மருத்துவப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள். நம் கொழுப்பு கையிலும் காலிலும் தெரியாது, வயிற்றில் ஒளிந்திருக்கும்.

இதுவரை உடம்பின் கதை. இனி மனசின் கதை.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால், அடையாளங்களையும் சற்று மாற்றியே சொல்கிறேன். வயது நாற்பதுக்கு மேல். புருஷனுக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். மாமியாருக்குச் சர்க்கரை முற்றி, காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது இவர்தான். பையன் பிளஸ் டூ. பகலெல்லாம் டீயில் கூடச் சர்க்கரை போட்டுக் கொள்ளாமல் இருக்க முடிகிறதாம். ராத்திரி பத்தரை மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு, மிச்சமிருக்கும் சோற்றில் தயிரைப் பிசைந்து மிக்சரோடு நின்றபடியே சாப்பிடுகிறார். சாப்பிடும் போது நிம்மதி. சாப்பிட்டு முடித்ததும் அழுகை. இவருக்கும் இப்போது சர்க்கரை எல்லையில் நிற்கிறது. "உங்களுக்கு நாக்கைக் கட்டத் தெரியவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். மாமியாரின் காலைப் பார்த்துப் பார்த்தும் நிறுத்த முடியவில்லையே, நான் அவ்வளவு பலவீனமானவளா என்பதுதான் அவர் கேள்வி.

சகோதரி, இல்லை. மூன்று பேர் பாரத்தை ஒருத்தியாகச் சுமக்கிறவருக்குப் பலவீனம் என்று யார் பெயர் வைப்பது?

கவலை நீடித்தால் உடம்பில் கார்ட்டிஸால் என்ற ஹார்மோன் சுரந்து கொண்டே இருக்கிறது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. கதவின் துருவையும் கூட்டுகிறது. 2003-ல் கலிபோர்னியாவில் மேரி டால்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். ஓயாத கவலையில் இருக்கும் பிராணி இனிப்பையும் கொழுப்பையும் தேடிப் போகிறது. அதைத் தின்றதும் மூளையில் அடிக்கும் அபாய மணி கொஞ்சம் அடங்குகிறது. ஆகவே ராத்திரி பத்தரை மணித் தயிர்ச்சோறு நாக்கின் குற்றமல்ல. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே மருந்தை உடம்பு எடுத்துக் கொண்டது. மருந்து வேலை செய்கிறது என்பதுதான் தொந்தரவு. அரை மணியில் அதன் வேகம் போய்விடும். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு போகாது.

இன்னொன்றும் உண்டு. காலையிலிருந்து அரைகுறையாகச் சாப்பிட்டு உடம்பைப் பட்டினி போட்டால், ராத்திரி அது வட்டியோடு வசூல் செய்யும். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். இன்ஸுலினின் வேலையும் கெடும். பகலில் நாம் காட்டுகிற கடுமையே பல சமயம் ராத்திரிக் கொள்ளைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

அப்படியானால் விமோசனம்? நம்பிக்கையான சேதி நம் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. இந்த நாட்டில் நீரிழிவுக்கென்று முதல் தனிப் பிரிவை 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். அதே சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக் கொண்டு மூன்று வருஷம் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் வியாதிக்குள் விழுந்தார்கள். தினம் அரை மணி நடை, மாவும் இனிப்பும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேர்தான். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவு. இதில் விசேஷம், நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் பலன் கிடைத்தது. எடை பார்க்கும் மெஷின் முள் நகரவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

இனி நம் வீட்டில் என்ன செய்யலாம்? பிரியாணிக்குப் பிரம்மோபதேசம் செய்து விரட்ட வேண்டாம். தடை போட்ட பண்டம்தான் ராத்திரி கனவில் வரும். இலையின் வரிசையை மாற்றுங்கள், போதும். முதலில் காயும் கீரையும், அடுத்து பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. 2015-ல் அமெரிக்காவில் சர்க்கரை வியாதியுள்ள 11 பேரைக் கொண்டு செய்த சிறு சோதனையில், ஒரே சாப்பாட்டை இப்படி வரிசை மாற்றிச் சாப்பிட்ட அன்று, ஒரு மணி கழித்து ரத்தச் சர்க்கரை 100-க்கு 37 பங்கு குறைவாக இருந்தது. காய்கறிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு நாம் வெஞ்சனத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணலாமா?

சிறுதானியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கம்பும் சோளமும் நல்லவைதான், நார்ச்சத்து உள்ளவை. ஆனால் அவையும் மாவுச்சத்தே. நைஸாக அரைத்து ஆறு தோசை ஊற்றினால், ஆறு தோசை ஆறு தோசைதான். அந்தக் காலத்துக் கூழ் ஒத்துக் கொண்டதற்கு, அதைக் குடித்தவர் பிறகு நாள் முழுக்கக் கமலை இறைத்ததும் ஒரு காரணம். அந்த வேலைக்குப் பதில், சாப்பிட்ட பின் பதினைந்து நிமிஷம் நடந்தாலும் பிரயோஜனமுண்டு. உழைக்கும் தசை, இன்ஸுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக் கொள்ளும். பூட்டிய வீட்டுக்குக் கொல்லைப்புற வழி மாதிரி!

மனசுப் பசிக்கு? டப்பாவைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "இப்போது சுடச்சுடக் கீரையும் பருப்பும் கொடுத்தால் சாப்பிடுவேனா?" ஆம் என்றால் அது வயிற்றுப் பசி, தாராளமாகச் சாப்பிடுங்கள். மிக்சர்தான் வேண்டும் என்றால் வந்திருப்பது கவலையோ களைப்போ தனிமையோ. அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலே பாதி அடங்கும். பத்து நிமிஷம் வாசலில் நில்லுங்கள். யாருக்காவது போன் போடுங்கள். அப்படியும் வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தில் அளவாகப் போட்டு, உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுங்கள். ஒளித்துச் சாப்பிடும் போதுதான் அளவு தெரியாமல் போகிறது. அழுகை அடிக்கடி வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ஏற்கனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைச் சடாரென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சகோதரிக்கு அறிவுரை சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். மாமியாரின் கால் கட்டை வாரத்தில் இரண்டு நாள் மாற்ற ஒருவரும் இல்லை. பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு ராத்திரிப் பாத்திரம் கழுவக் கை வலிக்குமா? ஊரிலிருந்து வரும் புருஷன் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் ஓய்வு வாங்கிக் கொடுக்கக் கூடாதா? அந்த வீட்டின் வைத்தியம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

கடைசியாக ஒரு காரியம். இந்த ஞாயிற்றுக்கிழமை, தையல் நாடாவை எடுத்து வீட்டில் பெரியவர்கள் எல்லோருடைய இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் மேல் போனால் எச்சரிக்கை. பிள்ளைகளின் பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி கறுப்பு படிந்திருந்தால், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து ரணப்படுத்தாதீர்கள். பூட்டு துருப்பிடிப்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாக இருக்கலாம். பிறகு வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை. 100-க்குக் கீழே சௌக்கியம். 100 முதல் 125 வரை வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி ஒரு முறை பார்த்து உறுதி செய்து கொண்டு வைத்தியம். வாசற்படியில் நிற்கிறவர்கள் கலங்க வேண்டாம். அங்கிருந்து திரும்பி நடந்து வந்தவர்கள் அநேகம் பேர்.